கணக்குக்கு நரேஷன், கோட்டுக்கு விளக்கம்

பேங்க்காரனுக்கும் டிசைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். நான் படித்தது பி.காம்., பிழைப்பது வட்டிக் கணக்கில். வரையச் சொன்னால் நாலு கோடு போடுவேன், அதுவும் ஸ்கேல் வைத்து :-)

ஆனால் துவாரகாவில் இருக்கும் நம்ம ஜனங்களுக்கு இந்த விஷயம் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பெல்லாம் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு இடத்தில் கூடினால், "பையன் எந்த கோச்சிங்? ஐஐடியா, சி.ஏ.வா?" என்பதுதான் பேச்சு. இப்போது அதே கூட்டத்தில் இரண்டு மூன்று பேராவது, "பொண்ணு டிசைன் படிக்கிறா" என்கிறார்கள். கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் பயமும் கலந்த குரலில். கூடவே ஒரு சந்தேகம் வரும். எங்கள் எதிர் ஃபிளாட் நண்பர் அதை இப்படிக் கேட்டார்:

"சார், மூணு மாசம் கண் முழிச்சு ஒரு புராஜெக்ட் முடிச்சுட்டா. பார்க்க நல்லாத்தான் இருக்கு. இப்ப அதைப் பத்தி ஒரு புஸ்தகம் மாதிரி எழுதிக் குடுக்கணுமாம். அப்புறம் நாலு பேர் முன்னாடி நின்னு பேசணுமாம். அதுக்கும் மார்க்காம். படம் போட்டாச்சே, படமே பேசாதா?"

பேசாது என்பதுதான் என் கட்சி. எங்கள் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஜர்னல் என்ட்ரி போடும்போது பற்று ஒரு வரி, வரவு ஒரு வரி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு நரேஷன் எழுத வேண்டும். இந்தப் பணம் ஏன் இங்கிருந்து அங்கே போனது என்பதற்கு ஒரு வாக்கியம். எண்கள் சரியாக இருந்தாலும் நரேஷன் இல்லாத என்ட்ரியைப் பார்த்து ஆடிட்டர் முகம் சுளிப்பார். ஐந்து வருடம் கழித்து, போட்டவர் மாற்றலாகிப் போன பிறகு, அந்த எண்ணுக்கு வேறு சாட்சி கிடையாது. டிசைன் மாணவர்கள் எழுதும் அறிக்கையும் அதுதான். போட்ட கோட்டுக்கு நரேஷன்.

இதற்கு நம் கையிலேயே, பர்ஸிலேயே ஒரு அத்தாட்சி இருக்கிறது. ஒரு தமிழ் மாணவர் வரைந்த ரூபாய்க் குறி. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கணக்கு. தமிழில் ரூபாய்க்கு முன்பே ஒரு குறி உண்டு, தெரியுமா? ௹ என்று எழுதுவார்கள். தாத்தா காலத்துப் பத்திரங்களில் பார்த்திருக்கலாம். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. பி.காமில் மூன்று வருடம் டெபிட் கிரெடிட் படித்த எனக்கு, நம் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி இருந்தது என்பது வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தக் குறிகள் 2003-இல் வந்த யூனிகோட் 4.0-இல் சேர்ந்தன. ஆனால் அன்றாடப் புழக்கத்தில் கிட்டத்தட்ட போய்விட்டன.

இவற்றை வரைந்தவர் யார்? பெயர் கிடையாது. ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கவும் மாட்டார். கணக்கப்பிள்ளைகள் அவசரத்தில் எழுதி எழுதித் தேய்ந்து இந்த வடிவத்துக்கு வந்தவை. தலைமுறை தலைமுறையாகப் புழங்கியதால் 'ஏன் இப்படி?' என்று யாரும் கேட்கவில்லை. புழக்கமே விளக்கம்.

அமெரிக்காவிலிருந்து வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். நம் ஊர் சொம்பைப் பார்த்து அசந்துபோய் அதில் எழுதியிருப்பார்கள். இதை இன்றைக்குப் புதிதாகச் செய்வதென்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல்: எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், காலியாக இருந்தால் எடை எப்படி, நிரம்பினால் எப்படி, ஊற்றும்போது எப்படிச் சாயும், விலை என்ன... இதையெல்லாம் ஒரு ஆள் தனியாக யோசித்துச் செய்திருக்க முடியாது, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்பது அவர்கள் கருத்து. அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி., வந்தது. இந்தியாவின் முதல் டிசைன் கல்லூரிக்கு விதை போட்டதே ஒரு எழுத்து ஆவணம்தான். அங்கே படிப்பை முடிக்கும் மாணவர்கள் தங்கள் டிப்ளமோ புராஜெக்டை முழுக்க எழுதி ஆவணமாகக் கொடுப்பது பழைய வழக்கம்.

சொம்புக்கு நூற்றுக்கணக்கான வருடம் அவகாசம் கிடைத்தது. ஒரு மாணவருக்கு மூன்று மாதம். அந்த நூற்றுக்கணக்கான வருடப் புழக்கம் செய்திருக்க வேண்டிய வேலையை அவருடைய விளக்கம் செய்தாக வேண்டும். இங்கேதான் நம்ம ரூபாய் வருகிறது.

டாலர், பவுண்டு, யென், யூரோவுக்கெல்லாம் தனிக் குறி இருக்க, இந்திய ரூபாய்க்கு வெறும் 'ஆர்எஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துதான் இருந்தது. பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ரூபாய்களுக்கும் அதுவே. 2009 மார்ச் மாதம் மத்திய நிதி அமைச்சகம் ஒரு போட்டி அறிவித்தது. நாட்டின் பண்பாட்டைக் காட்டுகிற மாதிரி, சாதாரணக் கீபோர்டில் உட்காருகிற மாதிரி ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும். பரிசு இரண்டரை லட்ச ரூபாய். 3000-க்கும் மேல் வடிவங்கள் வந்து குவிந்தன. அதில் ஐந்து பேர் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள்: நந்திதா கொரியா மெஹ்ரோத்ரா, ஹிதேஷ் பத்மஷாலி, ஷிபின், ஷாருக் இரானி, உதயகுமார்.

உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அப்பா தர்மலிங்கம் ரிஷிவந்தியம் தொகுதியின் முன்னாள் தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர். பையன் அரசியல் பக்கம் போகவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 2001-இல் முடித்தார். பிறகு பம்பாய் ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுநிலைப் படிப்பு. அங்கே 'பராசக்தி' என்ற பெயரில் ஒரு தமிழ் எழுத்துரு செய்தார். (பெயரைப் பார்த்ததும் கோர்ட் சீன் வசனம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) ரூபாய்க் குறிப் போட்டி வந்தபோது அதே இடத்தில் தமிழ் எழுத்துருக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். முப்பது வயது, இன்னும் மாணவர். நம்ம வீடுகளில் "இன்னுமா படிப்பு முடியலை?" என்று கேட்கிற வயது!

அவர் வடிவத்தை உங்களுக்கே தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அதோடு அவர் கொடுத்த விளக்கம். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: இது தேவநாகரி 'ர'. செங்குத்துக் கோடு இல்லாத ஆங்கில 'ஆர்' என்றும் பார்க்கலாம். மேலே இருக்கும் கோடு, தேவநாகரியில் எழுத்துக்கள் தொங்குகிற தலைக்கோடு. இரண்டு கோடும் நடுவிலுள்ள வெள்ளை இடமும் சேர்ந்தால் மூவர்ணக் கொடி. அந்த இரண்டு கோடே கணக்கில் வரும் சமக்குறியும் ஆகும். டாலர், பவுண்டு, யென், யூரோவோடு வரிசையில் நிறுத்தினால் இதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகவே தெரியும்.

ஒவ்வொன்றும் ஒரு வரிதான். எதையும் கேட்பவர் தன் கண்ணாலேயே உடனே சரிபார்த்துக்கொள்ளலாம். 'ர' தெரிகிறதா? தெரிகிறது. 'ஆர்' தெரிகிறதா? தெரிகிறது. கோடு இரண்டு இருக்கிறதா? இருக்கிறது. "பாரதத்தின் ஆன்மாவை வெளிப்படுத்த முயன்றிருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் சரிபார்க்க வழி ஏது?

2010 பிப்ரவரி பட்ஜெட் உரையிலேயே நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி, ரூபாய்க்கு ஒரு குறி வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் ஜூலை 15-ஆம் தேதி மத்திய அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்தை ஏற்றது. அமைச்சர் அம்பிகா சோனி பத்திரிகையாளர்களிடம் அறிவித்தார். அன்றைய அரசுக் குறிப்பில் இருந்த விளக்கம் என்ன? தேவநாகரி 'ர', ஆங்கில 'ஆர்', மேலே கொடியைக் குறிக்கும் இரண்டு கோடு, சமக்குறி.

மாணவர் வடிவத்தோடு கொடுத்த அதே விளக்கம்! அது அமைச்சரவைக்குப் போய், அரசுக் குறிப்பாகி, மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்து, அதன் பிறகு பொது அறிவு வினா விடைப் புத்தகங்களில் ஏறிவிட்டது. குறியை வரைந்தவர் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். அந்தச் சமயத்தில் அவர் குவஹாத்தி ஐஐடியில் ஆசிரியராகச் சேரப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லாத இடங்களில் எல்லாம் அவருக்காகப் பேசியது அந்த நாலு வரிதான். டிசைன் பள்ளிகள் ஏன் விளக்கத்துக்கு மார்க் போடுகின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியாது.

கதை அங்கே முடியவில்லை. ஒரு குறியை அறிவிப்பது வேறு, கோடிக்கணக்கான பேர் கையில் அது ஓடுவது வேறு. ஆறு மாதத்தில் நாட்டுக்குள், ஒன்றரை இரண்டு வருடத்தில் உலகம் முழுக்க என்று அரசு கெடு சொன்னது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே மங்களூரைச் சேர்ந்த ஃபொரேடியன் என்ற நிறுவனம் ஒரு இலவச எழுத்துரு வெளியிட்டது. கீபோர்டில் எண் 1-க்கு இடப்பக்கம், யாரும் தொடாத ஒரு சின்னச் சாய்வுக்குறி இருக்கிறதே, அந்த விசையில் ரூபாய்க் குறியை உட்கார வைத்திருந்தார்கள். ஆர்வக்கோளாறில் பலரும் இறக்கிக்கொண்டோம். கடிதம் அடித்தால் நம் கணினியில் கம்பீரமாக ரூபாய்க் குறி தெரியும். அதே கடிதம் அந்த எழுத்துரு இல்லாத மேலதிகாரி கணினியில் திறந்தால் வெறும் சாய்வுக்குறி. பத்து லட்சத்துக்கு முன்னால் தூசி விழுந்த மாதிரி இருக்கும் :-)

2010 அக்டோபரில் யூனிகோட் 6.0 வந்தபோது ரூபாய்க் குறிக்குத் தனி எண் கிடைத்தது: 20பி9. மூன்றே மாதம். 2011-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குத் தனி அப்டேட் கொடுத்தது. இந்திய ஆங்கிலக் கீபோர்டில் வலப்பக்க ஆல்ட் விசையும் 4-உம் சேர்த்து அழுத்தினால் குறி வந்தது. அதே வருடம் நாணயங்களில் வந்தது, 2012 வாக்கில் நோட்டுகளில் வந்தது. கணினி, நாணயம், நோட்டு, கடைப் பலகை, பேனாவால் எழுதும் செக் என்று ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒருவர், இதைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. கோடு எத்தனை, எது எங்கே நிற்கும், எது இல்லாமல் போனால் அது ரூபாயாக இருக்காது என்பது தெளிவாக இருந்ததால்தான் அவர்களால் முடிந்தது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டேட் பேங்கின் நீல வட்டச் சின்னம். 1971-இல் வந்தது. வரைந்தவர் அகமதாபாத் என்.ஐ.டி.யைச் சேர்ந்த சேகர் காமத். அருமையான வடிவம், ஐம்பது வருடம் தாண்டியும் நிற்கிறது. ஆனால் அது என்ன என்று பத்து பேரைக் கேளுங்கள். சாவித்துவாரம் என்பார் ஒருவர். நடுவில் இருப்பது சாமானிய மனிதன் என்பார் இன்னொருவர். அகமதாபாத்தின் காங்கரியா ஏரியை மேலிருந்து பார்த்த படம் என்பார் மூன்றாமவர். வரைந்தவர் சொன்னதைவிட மற்றவர்கள் சொன்ன கதைகளே நம்மிடம் அதிகம் வந்து சேர்ந்திருக்கின்றன. வங்கிக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. வரைந்தவருக்கு? அவர் பெயரே நிறையப் பேருக்குத் தெரியாது.

தூர்தர்ஷன் கண்ணும் அப்படித்தான். துவாரகாவிலிருந்து நீல வழி மெட்ரோவில் ஏறி மண்டி ஹவுஸில் இறங்கினால் பக்கத்திலேயே தூர்தர்ஷன் பவன். 1976-இல் ஆகாசவாணியிலிருந்து தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது. அதன் சின்னத்தை வரைந்தவர் தேவாஷிஷ் பட்டாச்சார்யா, அப்போது என்.ஐ.டி. மாணவர். வகுப்பில் கொடுத்த பயிற்சியில் பிறந்த வடிவம் அது. ஒரு வட்டம், அதைச் சுற்றி இரண்டு வளைவு. நம்மில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வளைவுகள் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாக மாறுவதைப் பார்த்து வளர்ந்தோம்! அது ஒரு மாணவர் கைவேலை என்று தெரிந்தவர் எத்தனை பேர்? 2017-இல் தூர்தர்ஷன் புதுச் சின்னத்துக்கு ஒரு போட்டியே அறிவித்தது. ஆனாலும் கண் போகவில்லை.

விளக்கம் எழுதி வைத்தால் நல்லது மட்டும்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எழுதி வைத்தால் அதோடு சண்டை போடவும் வசதி. ரூபாய்க் குறித் தேர்வு முறை சரியில்லை என்று போட்டியில் கலந்துகொண்ட ஒருவர் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2010 நவம்பரில் அந்த மனு தள்ளுபடி ஆனது. 'தேவநாகரி' என்று விளக்கத்திலேயே இருப்பதால், "அப்போ எங்க எழுத்து?" என்ற கேள்வியும் நம்ம பக்கத்தில் எழுந்தது. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதிலாக 'ரூ' என்று போட்டபோது அந்த விவாதம் நாடு முழுக்க ஓடியது. அந்தக் குறியை வரைந்தவரே தமிழர் என்பது விவாதத்துக்கு இன்னும் சுவை கூட்டியது. யார் பக்கம் நியாயம் என்ற வம்புக்கு நான் போகவில்லை. ஒன்று மட்டும்: எதை மறுக்கிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. நரேஷன் உள்ள என்ட்ரியைத்தான் ஒழுங்காக எதிர்க்கவும் முடியும்.

சரி, எதிர் ஃபிளாட் பெண்ணுக்கு வருவோம். அவள் அப்பாவிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இது டிசைன் பாடம் இல்லை, ஃபைல் பார்க்கிறவனின் பாடம்.

முதலில், வேலையை யார் கொடுத்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும். லோன் ஃபைலில் முதல் தாள் விண்ணப்பம்தானே? அது இல்லாமல் மற்றது எதுவும் புரியாது.

இரண்டாவது, தூக்கிப் போட்ட வடிவங்களையும் சேர்க்க வேண்டும். தேதி போட்டு, ஏன் வேண்டாம் என்று ஒரு வரியோடு. பிள்ளைகள் அசிங்கமாக இருக்கிறது என்று பழைய ஸ்கெட்சுகளைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கிழிக்க விடாதீர்கள். இது அவர்களுடைய சொந்த வேலை, எங்கிருந்தோ எடுத்தது இல்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. நாலு வார்த்தை தட்டினால் கணினியே படம் போட்டுக் கொடுக்கும் இந்தக் காலத்தில் இது இரட்டிப்பு முக்கியம்.

மூன்றாவது, முடிந்த வடிவத்தைப் பெரிய திரையில் மட்டும் காட்டினால் போதாது. ஒரு ரூபாய் நாணயத்தில் எப்படி இருக்கும், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எப்படி இருக்கும், பேனாவால் ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். நிஜ வாழ்க்கையில் ஜெராக்ஸ்தான் ஜாஸ்தி.

நான்காவது, பேசும்போது. நம்ம பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, கல்லூரியில் ஆங்கிலம். மூன்றிலும் சமாளிப்பார்கள், ஆனால் தயங்குவார்கள். அலங்காரமான ஆங்கிலம் இங்கே வேலைக்கு ஆகாது என்று தைரியம் சொல்லுங்கள். வடிவத்தைக் கையால் சுட்டிக் காட்டி, "இந்தக் கோடு இதற்காக" என்று நாலு வாக்கியம் சொல்ல முடிந்தால் போதும். நம்ம கள்ளக்குறிச்சிக்காரர் விளக்கமும் அவ்வளவுதான், அது அமைச்சரவை வரை போனது. முடிந்தால் முதல் நாள் ராத்திரி அம்மாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். பாட்டிக்குப் புரிந்தால் நடுவர்களுக்கும் புரியும். பாட்டி கேட்கிற கேள்வியை அவர்களும் கேட்பார்கள், கொஞ்சம் நாகரிகமாக.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இன்ஜினியரிங் மார்க் ஷீட்டைப் பார்த்தால் நமக்குப் புரியும், டிசைன் வேலையைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் "நல்லா இருக்கும்மா" என்று நகர்ந்துவிடுகிறோம். உட்கார்ந்து, "ஏன் இப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். குறை சொல்கிற தொனியில் வேண்டாம், ஆடிட்டர் தொனியிலும் வேண்டாம். தெரிந்துகொள்ளத்தான். பதில் சொல்லச் சொல்ல அவர்களுக்கே தங்கள் வேலை தெளிவாகும், நமக்கும் பிள்ளை என்ன படிக்கிறது என்பது கடைசியில் விளங்கும்.

இன்னொன்று. வேலை முடிந்த அன்றைக்கே நரேஷனை எழுதிவிடச் சொல்லுங்கள். எங்கள் கவுன்டரில் நாங்கள் அன்றன்றைக்கு வவுச்சரைச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். அடுத்த நாளைக்கு என்று தள்ளினால் எது எதற்காக என்பது பாதி மறந்துபோகும்.